முதல் டிரையத்லானுக்குப் பெயர் கொடுக்கும் முன்



டிரையத்லான் என்னும் சொல் நம் தஞ்சைப் பகுதி வீடுகளுக்குள் அண்மையில்தான் நுழைந்திருக்கிறது. முதலில் நீச்சல், கரையேறியதும் சைக்கிள், சைக்கிளை நிறுத்தியதும் ஓட்டம். இடையில் ஓய்வு கிடையாது. உடை மாற்றும் நேரமும் கணக்கில் சேரும். துபாயிலும் சிங்கப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் சிலர் இந்தப் போட்டிக்கு முதன்முறையாகப் பெயர் கொடுக்க விரும்புகின்றனர். எம்மிடம் ஓதிச் சென்ற மாணவர் ஒருவர், “ஹஜ்ரத், இது மார்க்கத்தில் கூடுமா?” என்று கேட்டார். அவருடைய தந்தையார் நெல் விவசாயி. “நாத்துப் பறிக்க ஆள் கிடைக்காம நான் அலையிறேன். இவன் காசு கட்டி ஓடப் போறானாம், நீங்களே கேளுங்க ஹஜ்ரத்” என்றார் அவர். மகனின் கேள்வியும் நியாயமானது. தந்தையின் வருத்தமும் நியாயமானது. இரண்டுக்கும் உரிய விடையை எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவாக இங்கே எழுதுகிறோம்.

முதலில் இந்தப் போட்டி இன்னதென்று தெளிவாக அறிந்துகொள்வோம். 1974 செப்டம்பரில் அமெரிக்காவின் சான் டியாகோ நகரத்து ஓட்டக்காரர்கள் சிலர் இதைத் தொடங்கினர். 1978 பிப்ரவரியில் ஹவாயில் 15 பேர் நெடுந்தொலைவுப் போட்டி ஒன்றில் இறங்கி, 12 பேர் முடித்தனர். 'அயர்ன்மேன்' என்று இன்று அழைக்கப்படும் போட்டி அதுவே. அதில் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட அளவு 1.5, 40, 10 கிலோமீட்டர். 2019 முதல் கோவாவில் நடைபெறும் போட்டி அயர்ன்மேனில் பாதி: கடலில் 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். இவை எல்லாவற்றிலும் சிறியது 'ஸ்பிரிண்ட்' எனப்படுவது: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம்.

இனி மார்க்கத்தின் பார்வைக்கு வருவோம். உடலை வலுப்படுத்தும் போட்டிகளை நம் மார்க்கம் தடுக்கவில்லை. சிலவற்றை ஊக்கப்படுத்தியும் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடியது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. முதன்முறை அன்னையார் முந்தினார்கள். பின்னொரு நாள் நபியவர்கள் முந்தி, அதற்கு இது சரியாகிவிட்டது என்று இன்முகத்தோடு கூறினார்கள். தூகரத் பயணத்திலிருந்து மதீனா திரும்பும் வழியில் அன்சாரித் தோழர் ஒருவர், என்னோடு ஓட யாரேனும் உண்டா என்று அறைகூவல் விடுத்தார். ஸலமா பின் அக்வஃ (ரலி) அவர்கள் நபியவர்களிடம் அனுமதி பெற்று வாகனத்திலிருந்து குதித்து ஓடினார்கள். இரண்டொரு மேட்டைக் கடக்கும்வரை மூச்சைச் சேமித்துக்கொண்டு அடக்கமாக ஓடி, அதன் பின்னரே வேகம் கூட்டி முந்தியதாக அவர்களே விவரித்திருக்கிறார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி. தொடக்கத்திலேயே வலுவை எல்லாம் கொட்டிவிடாதே என்று முதன்முறை ஓடுவோருக்கு இன்றைய பயிற்சியாளர்கள் சொல்லும் அறிவுரையும் இதுவே.

முதல் போட்டிக்குச் செல்வோர் மனத்தில் இருத்த வேண்டிய மற்றொரு ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தியபோது எல்லாக் குதிரைகளையும் ஒரே தொலைவுக்கு விடவில்லை. பயிற்சியளிக்கப்பட்ட குதிரைகளை ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஓடவிட்டார்கள். அது ஐந்தாறு மைல். பயிற்சி பெறாதவற்றை அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை மட்டுமே ஓடவிட்டார்கள். அது ஒரு மைல். வாயில்லாப் பிராணிக்கே இவ்வளவு நீதி காட்டப்பட்டது என்றால், நம் உடலுக்கு நாம் எவ்வளவு நீதி காட்ட வேண்டும்? நேற்று வரை நாற்காலியில் அமர்ந்திருந்தவர் நண்பர்களின் படங்களைக் கண்டு நேரே கோவாவுக்குப் பணம் கட்டுவது முறையன்று. முதல் போட்டி சிறிய அளவாகவே இருக்கட்டும்.

அந்தச் சிறிய அளவு நம் ஊர்க்காரருக்கு எட்டாத ஒன்றன்று. தஞ்சாவூரிலிருந்து வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி ஆகிய ஆறுகளைக் கடந்து திருவையாறு போய்த் திரும்பினால் 20 கிலோமீட்டர் சைக்கிள் பயணம் நிறைவாகிவிடும். வயல் நடுவே போகும் சாலையில் ஃபஜ்ருக்குப் பின் 5 கிலோமீட்டர் ஓடுவது சில மாதப் பயிற்சியில் வந்துவிடும். 750 மீட்டர் நீச்சல்தான் நம் பிள்ளைகளைத் தயங்க வைக்கும் பகுதி. அதைப் பற்றிப் பின்னர் விரிவாகச் சொல்வோம்.

கூடும் என்று சொன்னோம். ஆனால் அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு.

முதலாவது தொழுகை. இத்தகைய போட்டிகள் பெரும்பாலும் விடியற்காலையில் தொடங்குகின்றன. போட்டியாளர்கள் அதற்கு முன்பே சைக்கிளை உரிய இடத்தில் நிறுத்தி, பொருள்களை அடுக்கி, எண் எழுதிக்கொண்டு நிற்க வேண்டும். அந்தப் பரபரப்பில் ஃபஜ்ரு தவறிப்போகும் அபாயம் உண்மையானது. முதல் நாளே அவ்வூரின் ஃபஜ்ரு நேரத்தைப் பார்த்து, ஒளூவோடு சென்று, திடலின் ஓரத்தில் ஒரு விரிப்பில் தொழுதுவிடலாம். காலை ஆறரை மணி அளவில் தொடங்கி எட்டரை மணி நேரம் அனுமதிக்கும் போட்டியில் கடைசி ஆளாக வந்தாலும் அஸருக்கு முன் ளுஹரை நிறைவேற்ற நேரம் இருக்கும். ஆகவே போட்டி, தொழுகை இரண்டுக்கும் இடம் உண்டு. திட்டமிடாத மனிதருக்குத்தான் இரண்டில் ஒன்று தவறும். பயிற்சிக் காலமும் அவ்வாறே. நள்ளிரவு வரை சைக்கிள் மிதித்து ஃபஜ்ரைத் தூங்கிக் கழிப்பவர் எந்தப் பதக்கத்தாலும் அந்த இழப்பை ஈடுகட்ட முடியாது.

இரண்டாவது உடை. நம் மேடைகளில் அவ்ரத் என்றதும் பெண்களைப் பற்றியே பேசுகிறோம். ஆண்களுக்கும் அவ்ரத் உண்டு. தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட பகுதியை மறைக்க வேண்டும். ஹனஃபி மத்ஹபில் முழங்காலும் அதில் சேரும். கடைகளில் விற்கும் டிரையத்லான் உடை பெரும்பாலும் தொடையோடு நின்றுவிடும், உடலோடு ஒட்டியும் இருக்கும். முழங்காலைத் தாண்டும் உடையைத் தேடிப் பெறுவதும், நீச்சலில் அதை அணியலாமா என்று போட்டி நடத்துவோரிடம் முன்பே எழுதிக் கேட்பதும் ஆண்களின் பொறுப்பு.

பெண்களின் நிலையையும் சொல்லியாக வேண்டும். ஈரானைச் சேர்ந்த ஷிரீன் கெராமி என்னும் பெண்மணி 2013இல் லண்டனில் நடந்த உலகப் போட்டியில், தலையும் உடலும் மறைத்த உடையுடன் தம் நாட்டின் சார்பில் பங்கேற்றார். டிரையத்லானில் ஈரானின் சார்பில் இறங்கிய முதல் பெண் அவரே. தம் நாட்டு அதிகாரிகள் ஏற்கும் உடையை அமைத்து அனுமதி பெற அவர் பல மாதங்கள் முயன்றார். 2016இல் ஹவாய் அயர்ன்மேன் போட்டியிலும் இறங்கினார். பொதுப் போட்டியில் பெண்கள் கலந்துகொள்வது பற்றி ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நாம் அதை இங்கே தீர்த்துவைக்கப் புகவில்லை. ஆனால் போட்டி வேறு, நீச்சல் கற்பது வேறு. பெண்களுக்கென்று ஒதுக்கிய நேரத்தில், பெண் பயிற்சியாளரிடம், முறையான உடையுடன் ஒரு சிறுமி நீந்தக் கற்பதைத் தடுக்க மார்க்கத்தில் இடம் இல்லை. தண்ணீர் ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்று பார்த்து இழுப்பதில்லை.

மூன்றாவது பொருளும் குடும்பத்தின் உரிமையும். போட்டியாளர் எல்லோரும் பணம் போட்டு, வென்றவர் அதை அள்ளிச் செல்வது சூதாட்டம். சாலைப் பாதுகாப்பு, படகு, மருத்துவர், தண்ணீர் ஆகியவற்றுக்காக நடத்துவோர் பெறும் கட்டணம் அதில் சேராது. மதுவோ பந்தய நிறுவனமோ புரவலராக நிற்கும் போட்டியைத் தவிர்ப்பது பேணுதல். பயிற்சியின் போது மென்று தின்னும் சத்துப் பண்டங்கள் சிலவற்றில் ஜெலட்டின் இருக்கும். அது எதிலிருந்து எடுக்கப்பட்டது என்று உறையைப் படித்துப் பார்க்க வேண்டும். சைக்கிள், பயணம், தங்குமிடம் எல்லாம் சேர்ந்தால் செலவு இலட்சத்தைத் தாண்டிவிடக்கூடும். கடன் நிலுவையில் இருக்க, ஸகாத் கணக்குப் பார்க்காமல் இருக்க, அந்தச் செலவு எப்படித் தகும்? ஸல்மான் (ரலி) அவர்கள் தம் சகோதரர் அபுத்தர்தா (ரலி) அவர்களுக்கு, இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிமைகள் உண்டு, ஒவ்வொருவருக்கும் உரியதைக் கொடுங்கள் என்று அறிவுறுத்தினார்கள். நபியவர்களும் அது சரியே என்றார்கள். அங்கே பேசப்பட்டது இரவுத் தொழுகையும் நோன்பும். வணக்கத்துக்கே இந்த அளவு சொல்லப்பட்டதென்றால் சைக்கிளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடுமுறைக்கு முப்பது நாள் வந்த கணவர் இருபது நாள் பயிற்சியில் கழித்தால் மனைவி மக்களின் உரிமை எங்கே போயிற்று?

நான்காவது உயிர்ப் பாதுகாப்பு. அமெரிக்க டிரையத்லான் போட்டிகளில் 1985 முதல் 2016 வரை நேர்ந்த திடீர் மரணங்கள், இதயம் நின்று மீட்கப்பட்ட நிகழ்வுகள், விபத்து மரணங்கள் ஆகியவற்றை மருத்துவர்கள் தொகுத்து 2017இல் வெளியிட்டனர். மொத்தம் 135 பேர். அவர்களில் 90 பேருக்கு அது நீச்சலின் போது நேர்ந்தது. சராசரி வயது 46ஐத் தாண்டியிருந்தது. நூற்றுக்கு 85 பேர் ஆண்கள். பங்கேற்றோரின் பெருந்தொகையை நோக்க இது சிறிய எண்தான். ஆயினும் நாற்பதைக் கடந்த நம் சகோதரர்கள் கவனிக்க வேண்டிய எண். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளிவந்த ஆய்வு கணித்தது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இல்லாத வீடு நம் தெருக்களில் எத்தனை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். இதயப் பரிசோதனை செய்துகொண்டு, மருத்துவர் சொன்ன பிறகு பெயர் கொடுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படிதானே நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது!

ஐந்தாவது நிய்யத். முடித்த மறுகணம் படம் எடுத்துப் பரப்பும் காலம் இது. முகஸ்துதி நுழைய இதைவிட அகன்ற வாசல் கிடையாது. நபி (ஸல்) அவர்களின் அள்பா என்னும் ஒட்டகம் எவராலும் முந்தப்படாமல் இருந்தது. கிராமவாசி ஒருவரின் ஒட்டகம் அதை முந்தியபோது தோழர்கள் வருந்தினர். உலகில் உயரும் எதையும் ஒரு நாள் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்று நபியவர்கள் அமைதிப்படுத்தினார்கள். கடைசியாக வந்தவரும், நேரம் தீர்ந்து பாதியில் நிறுத்தப்பட்டவரும், முதலில் வந்தவரும் நினைவில் வைக்க வேண்டிய செய்தி இது.

தந்தையாரின் வருத்தத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். அவர் தலைமுறைக்கு உடற்பயிற்சி என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. ஆற்றைக் கடந்து வயலுக்குப் போனார்கள். சைக்கிளில் நெல் மூட்டை ஏற்றினார்கள். பள்ளிக்கும் மதரஸாவுக்கும் நடந்தும் ஓடியும் போனார்கள். டிரையத்லானின் மூன்று உறுப்புகளும் அவர்கள் அன்றாடத்தில் இருந்தன. இன்று நடவுக்கு எந்திரம் வந்துவிட்டது, தெருமுனைக் கடைக்கும் மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது. உடலுக்கு வேலை இல்லாத வாழ்க்கையை நாமே பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டு, அவர்கள் உடலைத் தேடி ஓடும்போது எள்ளி நகைப்பது நீதியாகாது. அதே சமயம் பிள்ளைகளும் ஒன்றை உணர வேண்டும். அறுவடை நேரத்தில் வாப்பாவுக்குத் தோள் கொடுக்காமல் ஓடும் ஓட்டத்தில் பரக்கத் இராது. நடவு நாளில் சேற்றில் இறங்குவதும் காலுக்குப் பயிற்சிதான்.

மேலே சொன்ன அனைத்தையும்விட எம் மனத்தை அழுத்தும் விஷயம் வேறொன்று. இராவுத்தர் என்னும் பெயர் குதிரை ஏறியவர்களைக் குறித்தது. மரைக்காயர் என்னும் பெயரை மரக்கலத்தோடு தொடர்புபடுத்துவார்கள். குதிரையையும் கப்பலையும் பெயரில் சுமக்கும் சமுதாயத்தின் பிள்ளைகள், ஐந்தாறு ஆறுகள் ஓடும் மண்ணில் பிறந்து, நீந்தத் தெரியாமல் வளர்கிறார்கள். 1994இல் குற்றாலீசுவரன் என்னும் தமிழ்நாட்டுச் சிறுவர் தம் 12ஆம் வயதில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். நம் பிள்ளைகளை அந்த அளவுக்கு யாரும் கேட்கவில்லை. வாய்க்காலில் தவறி விழுந்தால் கரைக்கு வரும் அளவுக்கேனும் நீந்தத் தெரிய வேண்டாமா?

2022 அக்டோபரில் பூண்டி மாதா பேராலயத்துக்கு வந்த தூத்துக்குடி மாவட்டப் பயணிகள் ஆறு பேர் கொள்ளிடத்தில் குளிக்க இறங்கி மூழ்கி இறந்தனர். மதம் எதுவானாலும் அந்தத் தாய்மாரின் அழுகை ஒன்றே. 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களில் பெரும்பகுதி சிறுவரும் இளைஞரும். மணல் அள்ளிய குழிகள் ஆற்றடியில் மறைந்து கிடக்கின்றன. முழங்கால் அளவு என்று எண்ணி வைத்த கால் அடுத்த அடியில் ஆள் ஆழத்தில் இறங்குகிறது. நீரில் மூழ்கி இறந்தவருக்கு ஷஹீதின் அந்தஸ்து உண்டு என்பது ஹதீஸ். அது பிள்ளையை இழந்த பெற்றோருக்கு அல்லாஹ் அருளிய ஆறுதல். அதைச் சாக்காகக் கொண்டு நாம் அலட்சியமாக இருக்க அனுமதி இல்லை.

ஆகவே ஜமாஅத் நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கிறார்கள். சில நாள்களில் கல்லணையும் திறக்கப்பட்டு வறண்டு கிடந்த ஆறுகளில் தண்ணீர் புரளும். அதற்கு முந்தைய மே மாதத்தில்தான் நம் ஊர்களில் கோடைக்கால தீனியாத் வகுப்புகள் நடக்கின்றன. அந்த வகுப்புகளோடு நீச்சலையும் சேருங்கள். தஞ்சாவூர் அன்னை சத்யா விளையாட்டரங்கில் நீச்சல் குளம் இருக்கிறது. ஒரு வேன் பிடித்துப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் செலவு, ஒரு நிகாஹ் விருந்தின் ஒரு பந்திச் செலவைவிடக் குறைவு. பெண்பிள்ளைகளுக்குத் தனி நேரம் ஒதுக்கும்படி ஜமாஅத்தாகச் சேர்ந்து மனுக் கொடுங்கள். தனி ஒருவர் கேட்டால் தட்டிக் கழிக்கலாம். ஊரே கேட்டால் அவ்வளவு எளிதில் முடியாது. குளத்துக்குப் போக இயலாத ஊர்களில், நீந்தத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சுரைக்குடுக்கையையும் டியூபையும் கட்டி அவர்கள் கற்ற வித்தை அவர்களோடு அடங்கிப்போகக் கூடாது. ஆழம் அறிந்த குளத்தில், கரையில் இருவர் காவல் நிற்க, அவர்களிடமே பிள்ளைகளை ஒப்படைக்கலாம்.

கூடவே ஒரு பாடத்தையும் சொல்லிக் கொடுங்கள். ஒருவர் மூழ்கினால் பயிற்சியில்லாத மற்றவர் குதிக்கக் கூடாது. குதித்தால் இரண்டு ஜனாஸா. கூவி ஆள் கூப்பிட வேண்டும். கயிறு, மூங்கில், அவிழ்த்த கைலி, காலிக் குடம் ஆகியவற்றில் கையில் கிடைத்ததைக் கரையில் நின்றபடியே எறிய வேண்டும்.

டிரையத்லானுக்குப் போக விரும்பும் நம் இளைஞர்களுக்கும் இதில் பங்கு உண்டு. போட்டிக்காக நீங்கள் முறையாக நீந்தக் கற்றீர்கள். மூச்சை அளந்து விடவும், பதறாமல் மிதக்கவும் அறிந்தீர்கள். விடுமுறையில் ஊருக்கு வரும்போது அந்தக் கல்வியைத் தெருப்பிள்ளைகள் பத்துப் பேருக்கேனும் கொடுங்கள். பதக்கம் உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும். ஒரு பிள்ளை ஆற்றிலிருந்து உயிரோடு கரையேறினால் அது உங்கள் மண்ணறைக்கும் வந்து சேரும் நன்மை. ஓர் உயிரை வாழவைத்தவர் மனிதர் அனைவரையும் வாழவைத்தவர் போன்றவர் என்பது குர்ஆன் நமக்கு உணர்த்தும் உண்மையல்லவா?

வலிமையுள்ள முஃமின்களாகவும், அந்த வலிமையைப் பிறருக்குப் பயன்படச் செய்வோராகவும் அல்லாஹ் நம்மையும் நம் பிள்ளைகளையும் ஆக்கி அருள்வானாக. இந்த ஆண்டு ஆற்றில் வரும் புதுத்தண்ணீர் எந்த வீட்டுக்கும் கண்ணீராக மாறாதிருக்க அவனே கிருபை செய்வானாக. ஆமீன்.